22 மீட்டர், 56 டன், 26 டயர்: தென்னாப்பிரிக்கா பெரிய லாரிங்க பத்தி அடிக்கடி கேக்குற கேள்விங்க

டர்பன்ல லாரி யார்டு பக்கம் வேல பாக்குற ஆளுன்னு தெரிஞ்சா போதும், கோயில்ல பாத்தாலும் சரி கல்யாண வீட்டுல பாத்தாலும் சரி, நம்மாளுங்க இந்தக் கேள்விங்கள கேக்காம விட மாட்டாங்க. ஊர்ல இருந்து புதுசா வந்தவங்க ஒரு மாதிரி கேப்பாங்க, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க்னு நாலஞ்சு தலமுறையா இங்கயே இருக்குறவங்க வேற மாதிரி கேப்பாங்க. யார் எப்பிடி கேட்டாலும் பதில் முக்காவாசி ஒரே எடத்துலதான் போய் நிக்கும்: இந்த வண்டிங்க இப்பிடி இருக்குறது இன்ஜினியர் ஆசப்பட்டதால இல்ல, ரோட்டு சட்டத்துல எழுதி வச்சுருக்குற நாலஞ்சு நம்பராலதான். அந்த நம்பருக்குள்ள எவ்ளோ சரக்க திணிக்க முடியும்னு பாத்து பாத்து செதுக்குனதுதான் டர்பன்ல இருந்து ஜொகன்னஸ்பர்க் போற என்3 ரோட்டுல நீங்க பாக்குற உருவம்.

நம்ம ஊரு டாரஸ் லாரிக்கும் இங்க ஓடுற வண்டிக்கும் என்ன வித்தியாசம்?

நாமக்கல், சங்ககிரி பக்கம் நீங்க பாத்து வளந்த டாரஸ் லாரில இன்ஜினு, கேபின், லோடு ஏத்துற பாடி எல்லாம் ஒரே சேஸி மேல இருக்கும். பத்து சக்கரம் பன்னெண்டு சக்கரம் எத்தன போட்டாலும் அது ஒரே முதுகெலும்புதான், இத ரிஜிட்னு சொல்வாங்க. இங்க நெடுந்தூரம் ஓடுற வண்டில இழுக்குறது தனி, சுமக்குறது தனி. முன்னாடி இன்ஜினும் கேபினும் இருக்குற வண்டி, அதுக்குப் பின்னாடி ஒண்ணோ ரெண்டோ டிரெய்லரு, நடுவுல மடங்குற மாதிரி ஒரு மூட்டு. மூட்டு இருக்குறதாலதான் 22 மீட்டர் வண்டி ரவுண்டபௌட்டுல திரும்புது, அதே நீளத்துக்கு ஒரே சேஸில வண்டி செஞ்சா முக்குல திருப்பவே முடியாது.

இன்னொரு லாபமும் இருக்கு, அதுதான் முதலாளிங்களுக்குப் பிடிச்சது. டிரெய்லர கோடவுன்ல கழட்டி விட்டுட்டு அதுல லோடு ஏத்துற நேரத்துல, முன்வண்டி வேற டிரெய்லர மாட்டிக்கிட்டு ஜொகன்னஸ்பர்க் கிளம்பிரும். இருக்குறதுலயே விலை கூடின பாகம் இன்ஜினு, அது சும்மா நிக்கக் கூடாது.

செமி டிரெய்லர்ல "செமி" எதுக்கு?

டிரெய்லரோட முன்பக்கத்துல சக்கரமே கிடையாது. பாதி பாரம் தன்னோட பின் சக்கரத்து மேல, மீதி பாரம் இழுக்குற வண்டியோட முதுகு மேல உக்காந்துருக்கும். அதான் பாதி டிரெய்லரு. முன்னயும் பின்னயும் சக்கரம் வச்சு, கம்பியால கோத்து இழுக்குறது முழு டிரெய்லரு, அத இங்க டிராபார்னு சொல்வாங்க. செமி கழட்டுனா தானா நிக்காது, அதுக்காகத்தான் முன்னாடி ரெண்டு இரும்புக் கால் இருக்கு, கைப்பிடிய சுத்தி சுத்தி எறக்கணும்.

முன்வண்டிய எல்லாரும் ஹார்ஸ்ங்கிறாங்களே?

இழுக்குறது குதிரை, அவ்ளோதான். சட்டப் புத்தகத்துல டிரக் டிராக்டர்னு இருக்கும், ஆனா யார்டுல அப்பிடி சொன்னா திரும்பிப் பாப்பாங்க. இதே வண்டிய ஆஸ்திரேலியாவுல பிரைம் மூவர்ங்குறான், அமெரிக்காவுல டிராக்டர்ங்குறான். மொத்த வண்டிய பிரிட்டன்ல ஆர்டிக்ங்குறாங்க, அமெரிக்காவுல செமி.

சூப்பர்லிங்க், இன்டர்லிங்க், ட்ரை-ஆக்சில், இதுல எது எது?

ட்ரை-ஆக்சில்னா ஹார்ஸுக்குப் பின்னாடி ஒரே ஒரு நீள டிரெய்லரு, அதோட பின்பக்கம் மூணு ஆக்சில், அதாவது சக்கரம் மாட்டுற அச்சு. பாத்தாலே தெரியும். இன்டர்லிங்க்னா ரெண்டு செமி டிரெய்லர ஒண்ணோட ஒண்ணு கோத்தது: முதல் டிரெய்லரோட வால் பக்கம் பிளேட் நீட்டிக்கிட்டு இருக்கும், ரெண்டாவது டிரெய்லரு அந்தப் பிளேட் மேல உக்காரும். அதுல முன்னாடி 6 மீட்டர், பின்னாடி 12 மீட்டர் டிரெய்லர் வச்சு வர்றதத்தான் பொதுவா சூப்பர்லிங்க்னு சொல்றாங்க. ஒவ்வொரு டிரெய்லர்லயும் ரெண்டு ரெண்டு ஆக்சில். பேச்சுல ரெண்டு பேரையும் மாத்தி மாத்தி சொல்வாங்க, அத வச்சு யாரும் சண்ட போடுறதில்ல, "லிங்க்"னு சொன்னாலே புரிஞ்சுரும்.

6க்கு 12ங்குற கணக்கு சும்மா வந்ததில்ல. 20 அடி கன்டெய்னர் நீளம் 6.1 மீட்டர், 40 அடி கன்டெய்னர் 12.2 மீட்டர். பேஹெட் ரோட்டுல துறைமுகத்துக்குள்ள போக வரிசைல நிக்குற வண்டிங்கள பாருங்க, முன்னாடி ஒரு சின்னப் பெட்டி பின்னாடி ஒரு பெரிய பெட்டின்னு கரெக்டா உக்காந்துருக்கும். ஆனா கனமான சரக்கு ஏத்துன 20 அடி பெட்டிய முன் டிரெய்லர்ல வைக்க மாட்டாங்க, ரெண்டு ஆக்சில் தாங்காது, அத ட்ரை-ஆக்சில் நடுவுல வச்சுத்தான் அனுப்புவாங்க.

நாலஞ்சு நம்பர்னு சொன்னீங்களே, அது என்ன?

இதுதான் முக்கியம், கொஞ்சம் பொறுமையா படிங்க.

நீளம்: ஹார்ஸும் ஒரு செமி டிரெய்லரும்னா மொத்தம் 18.5 மீட்டர், ரெண்டு டிரெய்லர் கோத்தா 22 மீட்டர். உயரம் 4.3 மீட்டர். அகலம், பெரிய சரக்கு வண்டிக்கு 2.6 மீட்டர். மொத்த எடை, வண்டியும் சரக்கும் சேத்து, 56 டன்.

அதுக்கு மேல ஆக்சில் கணக்கு தனி. ஸ்டியரிங் ஆக்சில் மேல 7.7 டன், ரெட்டை டயர் போட்ட ஒத்த ஆக்சில்னா 9 டன், ரெண்டு ஆக்சில் சேந்த கூட்டத்துக்கு 18 டன், மூணு சேந்தா 24 டன். இப்ப ட்ரை-ஆக்சில் வண்டிக்கு கூட்டிப் பாருங்க: 7.7, ஹார்ஸோட பின் ரெண்டு ஆக்சிலுக்கு 18, டிரெய்லருக்கு 24, மொத்தம் 49.7. சூப்பர்லிங்க்னா 7.7 கூட மூணு 18, அதாவது 61.7. சரி, அப்ப 61.7 டன் ஏத்தலாமான்னா முடியாது, 56ல கதவு சாத்திருவாங்க.

இதுக்கும் மேல பாலத்துக் கணக்குன்னு ஒண்ணு இருக்கு. ரோடு தாங்குனாலும் பாலம் தாங்கணுமில்ல? ஒரே எடத்துல எல்லா எடையும் குவிஞ்சா பாலத்தோட நடு முதுகு வளையும், அதே எடை நீளமா பரவிக் கெடந்தா பிரச்சன இல்ல. அதனால முதல் ஆக்சிலுக்கும் கடைசி ஆக்சிலுக்கும் நடுவுல இருக்குற தூரத்த மீட்டர்ல எடுத்து, 2100ஆல பெருக்கி, 18,000 கூட்டணும், வர்றது கிலோ. அதுக்கு மேல எடை இருக்கக் கூடாது. வண்டி முழுசுக்கும் மட்டும் இல்ல, நடுவுல எந்த ஆக்சில் கூட்டத்த எடுத்தாலும் இந்தக் கணக்கு தப்பக் கூடாது.

இப்ப திருப்பிப் போட்டு பாருங்க. 56,000 கிலோ முழுசா வேணும்னா முதல் ஆக்சில்ல இருந்து கடைசி ஆக்சில் வரைக்கும் கிட்டத்தட்ட 18.1 மீட்டர் வேணும். 18.5 மீட்டர் வண்டில அது கிடைக்காது, முன்னாடி பம்பரும் பின்னாடி வாலும் கொஞ்சம் நீட்டிக்கிட்டு இருக்குமே. 15 மீட்டர் கிடைச்சுதுன்னு வைங்க, 49,500 கிலோதான் வருது. ஆக 56 டன் வேணும்னா 22 மீட்டர் போயே ஆகணும், 22 மீட்டர் போகணும்னா ரெண்டு டிரெய்லர் இருந்தே ஆகணும். சூப்பர்லிங்க் பொறந்த கதை இவ்ளோதான்.

விளம்பரத்துல 34 டன்னு போடுறாங்களே, 56 எங்க போச்சு?

34ங்குறது சரக்கு மட்டும். ஹார்ஸ், ரெண்டு டிரெய்லர், டீசல், டிரைவரு எல்லாம் சேத்து 22 டன் கிட்ட வண்டியே தின்னுரும். அதனாலதான் டிரெய்லர் செய்றவங்க நூறு கிலோ கொறைக்க கூட அவ்ளோ மெனக்கெடுறாங்க, இரும்பு கொறஞ்சா அந்த எடைக்கு சரக்கு ஏறும், ஒவ்வொரு டிரிப்புலயும் காசு.

எடை சரியா இருந்தும் பைன் போட்டாங்கன்னு மச்சான் புலம்புறான், எப்பிடி?

மொத்தம் சரியா இருக்கும், பரவுனது தப்பா இருக்கும். ம்கொண்டேனியிலயோ ஹைடல்பெர்க்லயோ எடை மேடைல ஏத்துனா ஒவ்வொரு ஆக்சில் கூட்டத்தையும் தனித்தனியா பாப்பாங்க. மொத்தம் 55 டன்தான், ஆனா பேலட்ட எல்லாம் முன் டிரெய்லரோட மூக்குப் பக்கமே அடுக்கிட்டான், ஹார்ஸ் முதுகு மேல 19 டன் ஏறிருச்சு, அது ஓவர்லோடுதான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற தம்பிக்கு இத ஒரு தடவ உக்கார வச்சு சொல்லிக் குடுத்தா பாதி பிரச்சன தீரும், யாரும் சொல்றதில்ல, கடைசியில திட்டு வாங்குறது டிரைவரு.

அமெரிக்கா வண்டிக்கு நீள மூக்கு இருக்கு, இங்க ஏன் மூஞ்சி தட்டையா இருக்கு?

மறுபடியும் நம்பர்தான். இங்கயும் ஐரோப்பாவுலயும் மொத்த நீளத்த அளக்குறாங்க. 22 மீட்டர்ல 6.1ம் 12.2ம் போக மீதி 3.7 மீட்டர். அதுக்குள்ளதான் கேபின், கேபினுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல சந்து, ரெண்டு டிரெய்லருக்கும் நடுவுல சந்து எல்லாம் அடங்கணும். சந்து கொறஞ்சா வண்டி மடங்கும்போது டிரெய்லர் மூலை கேபின இடிக்கும். இதுல ஒண்ணரை மீட்டர் மூக்குக்கு எங்க போக? அதனால இன்ஜின கேபினுக்கு அடியில தள்ளிட்டு, டிரைவர அது மேல உக்கார வச்சுட்டாங்க. இன்ஜின் பாக்கணும்னா கேபினயே முன்னாடி கவுக்கணும்.

அமெரிக்காவுல 1982ல ஒரு சட்டம் வந்துச்சு, அதுல இருந்து பெரிய ஹைவேல மொத்த நீளத்த அளக்குறத விட்டுட்டு டிரெய்லர் நீளத்த மட்டும் பாக்க ஆரம்பிச்சாங்க. ஹார்ஸ் எவ்ளோ நீளம் இருந்தாலும் கேள்வி இல்ல. உடனே மூக்கும் வளந்துச்சு, பின்னாடி கட்டில் போட்ட ரூமும் வளந்துச்சு, தட்ட மூஞ்சி வண்டி அங்க காணாமயே போச்சு. சிரிப்பு என்னன்னா, அமெரிக்க கம்பெனியான ஃப்ரெயிட்லைனர் ஆர்கோசின்னு ஒரு தட்ட மூஞ்சி வண்டிய அங்க விக்காமப் போன பிறகும் நம்மளுக்காகவும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்காகவும் செஞ்சுக்கிட்டு இருந்தாங்க. இன்டர்நேஷனல் 9800ம் அதே கதைதான். பழைய டிரைவருங்கள கேட்டா இந்த ரெண்டையும் கொண்டாடுவாங்க.

கதவுல 2645, 26.440, ஆர் 500ன்னு எழுதிருக்கே, அது என்ன?

கம்பெனிக்கு ஒரு வழக்கம். மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ் 2645ன்னா முதல் ரெண்டு நம்பர் ஹார்ஸோட எடை வகை, 26 டன். கடைசி ரெண்ட பத்தால பெருக்குனா குதிரைத் திறன், 450. மேன் கம்பெனி அதையே புள்ளி வச்சு எழுதுவான், 26.440ன்னா 26 டன் 440 குதிரைத் திறன். ஸ்கேனியா ஆர் 500ல ஆர்ங்குறது கேபின் வகை, 500 குதிரைத் திறன். வோல்வோ எஃப்எச் பேரு கேபின் வச்சு வந்தது, இன்ஜினுக்கு மேல உக்காந்து ஓட்டுற, ஏறுறதுக்கு உயரமான கேபின்னு அர்த்தம், அதோட சின்னத் தம்பி எஃப்எம்.

கூடவே 6×4, 4×2ன்னு இருக்கும். முதல் நம்பர் மொத்த சக்கரம், ரெண்டாவது இன்ஜின் சுத்துற சக்கரம், ரெட்டை டயர ஒண்ணாத்தான் எண்ணணும். டர்பன் கடல் மட்டத்துல இருக்கு, ஜொகன்னஸ்பர்க் 1,700 மீட்டர் உயரத்துல இருக்கு, நடுவுல டவுன் ஹில், வான் ரீனன் பாஸ்னு மலை ஏத்தம். 56 டன்ன இழுத்துக்கிட்டு ஏறணும்னா 6×4 இல்லாம ஆகாது, மழை பேஞ்சா ஒரே ஆக்சில் வழுக்கிட்டு நிக்கும்.

18 வீலர்ங்குறாங்களே, அது எது?

அது அமெரிக்காவோட அஞ்சு ஆக்சில் வண்டி. ஸ்டியரிங்ல ரெண்டு டயர், மிச்ச நாலு ஆக்சில்ல நாலு நாலு, 18. நம்ம ட்ரை-ஆக்சிலுக்கு 22, சூப்பர்லிங்குக்கு 26. பசங்க எண்ணிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க.

ரெண்டு டிரெய்லர எப்பிடி மாட்டுறாங்க? ஓடும்போது கழண்டுராதா?

ஹார்ஸ் முதுகுல கருப்பா, வட்டமா, நடுவுல வெட்டு விட்ட பிளேட் ஒண்ணு இருக்கும், கிரீஸ் பூசி மினுமினுன்னு, கை வச்சா ரெண்டு நாளைக்குப் போகாது. அதுதான் ஃபிஃப்த் வீல். குதிர வண்டி காலத்துல முன் ஆக்சில் திரும்பறதுக்கு படுக்க வச்ச ஒரு சக்கரம் இருந்துச்சு, நாலு சக்கரத்துக்கு மேல அது அஞ்சாவது, பேரு அப்பிடியே ஒட்டிக்கிச்சு. டிரெய்லரோட வயித்துக்கு அடியில தலகீழா ஒரு இரும்பு முளை இருக்கும், அது கிங் பின். ரெண்டு அங்குலம் தடிமன், அதாவது 50 மில்லிமீட்டர். ரொம்ப கனமான லோடுக்கு மூணரை அங்குலத்துல ஒண்ணு உண்டு. 34 டன் சரக்கு அந்த ரெண்டு அங்குல முளையில தொங்கிக்கிட்டு போகுதுன்னு நெனச்சா வயித்தக் கலக்கும், ஆனா ஒழுங்கா பூட்டுனா போகாது.

காலைல யார்டுல நின்னு பாத்தீங்கன்னா, டிரைவர் மெதுவா ரிவர்ஸ் வருவாரு, பிளேட் டிரெய்லருக்கு அடியில நுழைஞ்சு முன்பக்கத்த லேசா தூக்கும், முளை வெட்டுக்குள்ள போன உடனே உள்ள இருக்குற தாடை "டக்"குன்னு கவ்வும். அந்த சத்தத்த நம்பக் கூடாது. நல்ல டிரைவர் டிரெய்லர் பிரேக் விடாம முதல் கியர்ல ஒரு இழு இழுத்துப் பாப்பாரு, அசையலன்னா எறங்கி டார்ச் அடிச்சு, குனிஞ்சு உள்ள பாப்பாரு: தாடை முளைக்குப் பின்னாடி மூடிருக்கா, பிளேட்டுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல வெளிச்சம் தெரியுதான்னு. தெரிஞ்சா முளை மேல ஏறி உக்காந்துருக்கு, மாட்டல. அப்பறம்தான் சுருள் சுருளா இருக்குற ரெண்டு காத்து ஹோஸ், சிவப்பு ஒண்ணு மஞ்சள் ஒண்ணு, கூட கரண்டு கேபிள். மஞ்சள் வழியா பிரேக் மிதிச்ச சேதி போகும். சிவப்புல எப்பவும் காத்து இருக்கணும், அது அறுந்தா டிரெய்லர் பிரேக் தானா புடிச்சுக்கும். கடைசியா இரும்புக் கால சுத்தி மேல ஏத்தணும். இது முன் டிரெய்லருக்கு. அதே வேலய முன் டிரெய்லரோட வாலுக்கும் பின் டிரெய்லருக்கும் நடுவுல மறுபடி செய்யணும், ரெண்டு மூட்டோட ரிவர்ஸ் எடுக்குறது சாதாரணப்பட்ட வேல இல்ல, அத நேரா எடுக்குற ஆளுக்கு நான் கையெடுத்து கும்புடுவேன்.

ஆஸ்திரேலியாவுல பி-டபுள்னு சொல்றது நம்ம இன்டர்லிங்கா?

அதேதான். கனடாவுல பி-டிரெயின். ரெண்டு டிரெய்லர எப்பிடி கோக்குறாங்கங்கறதுக்குத்தான் அந்த எழுத்து. "ஏ"ன்னா, நடுவுல டாலின்னு ஒரு குட்டி வண்டி வச்சு, ஒத்தக் கம்பியால இழுக்குறது. "பி"ன்னா டாலியே இல்லாம முன் டிரெய்லரோட பிளேட் மேலயே பின் டிரெய்லர் உக்கார்றது. "சி"ன்னா டாலிக்கு ரெண்டு கம்பி.

வித்தியாசம் சின்னதா தோணும், ஆனா ரோட்டுல பெருசு. ஏ வகைல மூணு மூட்டு, பி வகைல ரெண்டு. டிரைவர் ஸ்டியரிங்க டக்குன்னு ஒரு வெட்டு வெட்டுனா அந்த ஆட்டம் ஒவ்வொரு மூட்டத் தாண்டும்போதும் பெருசாகிக்கிட்டே போகும், கடைசி டிரெய்லர் சாட்டை நுனி மாதிரி வீசும். அதோட பி வகைல பின் டிரெய்லர் சாய ஆரம்பிச்சா முன் டிரெய்லரும் பிளேட் வழியா சேந்து தாங்கும். ஏ வகைல கம்பி முறுக்கிக்கிட்டு போகும், பின் டிரெய்லர் தனியா கவுந்துரும், முன்னாடி உக்காந்துருக்குறவனுக்கு தெரியவே தெரியாது.

அப்ப ரோடு டிரெயின்னா?

டிரெய்லர மூணு நாலுன்னு கோத்து ஆஸ்திரேலியா பாலைவன ரோட்டுல ஓட்டுறது, 53.5 மீட்டர் வரைக்கும் போகும். 1934லயே பிரிட்டன்ல செஞ்ச எட்டு சக்கரமும் இழுக்குற ஏ.இ.சி. வண்டி ஒண்ணு அங்க வடக்குப் பக்கம் டிரெய்லர் இழுத்து ஓடிருக்கு. ஆளில்லாத நேர் ரோடு இருந்தா எவ்ளோ வேணா கோக்கலாம். டர்பன் பக்கத்துல பைன்டவுன்ல அது ரோபாட்டுல (இங்க சிக்னலுக்கு அதான் பேரு) நின்னா பின்னாடி மூணு ரோபாட் அடைச்சுரும்.

ஐரோப்பாவுலயும் ஆளாளுக்கு ஒரு நம்பர்: பிரிட்டன்ல 16.5 மீட்டர் 44 டன், ஸ்வீடனும் பின்லாந்தும் 25.25 மீட்டர் வச்சுருந்து, பின்லாந்து 2013ல 76 டன் வரைக்கும் விட்டுட்டான். ஒரே கம்பெனி ஹார்ஸுதான், நாட்டுக்கு நாடு பின்னாடி தொங்குறது வேற வேறயா இருக்குறது இதனாலதான்.

இத மொத மொத யாரு செஞ்சா?

ஒரே ஆள்னு சொல்ல முடியாது, ஆனா செமி டிரெய்லர்ங்குற பேரோட சேத்து சொல்ற கதை டெட்ராய்ட்ல நடந்தது. 1914ல சிப்லின்னு ஒரு மரக் கட வியாபாரி, தன்னோட படக ஏரிக்குக் கொண்டு போகணும்னு வண்டிப்பட்டறை வச்சிருந்த ஆகஸ்ட் ஃப்ரூஹாஃப்கிட்ட கேட்டாரு. அவரு ரெண்டு சக்கரத்துல ஒரு வண்டி செஞ்சு ஃபோர்டு மாடல் டி கார் பின்னாடி மாட்டி விட்டாரு. அது நல்லா ஓடவும், சிப்லி தன்னோட மரக் கடைக்கும் இதே மாதிரி செய்யச் சொன்னாரு, அங்க இருந்து பெரிய கம்பெனி ஆயிருச்சு. இங்க ரோட்டுல போற டிரெய்லர் பின்னாடி ஹென்ரெட் ஃப்ரூஹாஃப்னு பேரு பாத்துருப்பீங்க, அந்தப் பேருதான் இது.

டிரெய்லர் மேல இருக்குற பாடிக்கு என்னென்ன பேரு?

பக்கவாட்டுல பிளாஸ்டிக் திரை போட்டு பெல்ட்டால இறுக்குறது டாட்லைனர், திரைய ஒதுக்கிட்டு பக்கத்துல இருந்தே ஃபோர்க்லிஃப்ட் ஏத்தலாம், கடை சாமான் முக்காவாசி இதுலதான். வெறும் பலகை மட்டும்னா ஃப்ளாட் டெக். கன்டெய்னர் தூக்குறதுக்கு எலும்புக்கூடு மாதிரி கம்பி மட்டும் இருந்தா ஸ்கெலட்டல். பக்கவாட்டுல கவுத்துக் கொட்டுறது சைடு டிப்பர், ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்துக்கு நிலக்கரி ஏத்திக்கிட்டு என்2ல வரிசையா போறது அதுதான். மெஷின் தூக்குறது லோ பெட். பழம், கறி, மீன் போறது ஃப்ரிட்ஜ் வண்டி. அப்பறம் நம்ம முன்னோர்கள 1860ல இருந்து எதுக்கு கப்பல்ல கூட்டிட்டு வந்தாங்களோ அந்தக் கரும்பு, டோங்காட், ஸ்டாங்கர் பக்கம் இன்னைக்கும் இந்த மாதிரி கோத்த வண்டிலதான் மில்லுக்குப் போகுது.

ஜாக்நைஃப்னா என்ன, ஏன் ஆகுது?

ஹார்ஸோட பின் சக்கரம் பிடிப்ப விட்டா, பின்னாடி வர்ற டிரெய்லரு நிக்காம அத தள்ளும், மூட்டு இருக்குறதால ஹார்ஸ் மடங்கி கேபின் டிரெய்லர் மேலயே போய் மோதும். மழை, காலி வண்டி, திடீர் பிரேக், இந்த மூணும் சேந்தா வரும். லோடு இருக்குறத விட காலி வண்டிலதான் பயம் அதிகம், டயர் மேல எடை இல்ல, சுலபமா வழுக்கும். டிரெய்லர் சக்கரம் லாக் ஆனா வேற மாதிரி: ஹார்ஸ் நேரா போகும், டிரெய்லர் வால் பக்கத்து லேனுக்கு வீசும். சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குற ஏபிஎஸ் வந்த பிறகு ரெண்டும் கொறஞ்சுருக்கு, ஒயர் அறுந்து கெடக்குற டிரெய்லர்ல ஏபிஎஸ் இருந்து என்ன பிரயோஜனம்ங்குறது வேற விஷயம்.

மலை இறக்கத்துல பிரேக் போயிருச்சுன்னு அடிக்கடி நியூஸ் வருதே?

காத்து போனா பிரேக் போகாது, புடிச்சுக்கும். ஸ்பிரிங் எப்பவும் பிரேக்க அழுத்திக்கிட்டுதான் இருக்கும், காத்துதான் அத விடுவிக்குது. "பிரேக் ஃபெயில்"னு சொல்றது பெரும்பாலும் சூடு. நீள இறக்கத்துல பிரேக்க மிதிச்சுக்கிட்டே வந்தா ட்ரம் சூடாகி விரிஞ்சு, லைனிங்குக்கு பிடிமானம் போயிரும், மிதி அடி வரைக்கும் போகும் வண்டி நிக்காது. அதனால இறக்கத்துக்கு முன்னாடியே சின்ன கியருக்கு வந்து, இன்ஜின் பிரேக்கோ, கால் பிரேக் இல்லாம வேகத்தக் கொறைக்குற ரிடார்டரோ போட்டு, கால் பிரேக்க மிச்சம் புடிக்கணும். பாதி இறக்கத்துல கியர் மாத்தலாம்னு நெனச்சு நியூட்ரல்ல மாட்டுனவன் கத முடிஞ்சுது.

2013 செப்டம்பர்ல பைன்டவுன் ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்துல வந்த லாரி ஒண்ணு நிக்காம கீழ சிக்னல்ல மினிபஸ் டாக்சிங்க மேல ஏறி 24 பேர் செத்தாங்க. அதுக்கப்பறம் அஞ்சு ஆக்சிலும் அதுக்கு மேலயும் உள்ள வண்டிங்கள அந்த எம்13 இறக்கத்துல விடுறதில்ல. அதுக்கு முன்னாடி அந்த வழியா எறங்குன லாரிங்க கொஞ்சநஞ்சம் இல்ல, என்3ல மரியன்ஹில் டோல் இருக்கே. டோல் காச மிச்சம் புடிக்க டிரைவர அந்த வழியா அனுப்புறவங்க மேல எனக்கு இன்னும் கோவம் இருக்கு.

கார்ல போறப்ப எத கவனிக்கணும்?

மொத விஷயம், லெஃப்ட் திரும்பற லாரி ரைட்டுல அகட்டி வரும். இடது பக்கம் பெருசா எடம் இருக்கேன்னு உள்ள நுழைஞ்சுராதீங்க, டிரெய்லரோட பின் சக்கரம் ஹார்ஸ் போன தடத்துல வராது, உள்ள வெட்டிக்கிட்டு வரும், நீங்க அதுக்கும் கெர்புக்கும் நடுவுல மாட்டுவீங்க. நம்ம ஊர்ல கிளீனர் சைடுன்னு சொல்வோமே, இங்க கிளீனரும் இல்ல, அந்தப் பக்கம் பாக்க கண்ணாடி மட்டும்தான்.

முந்துறப்ப 22 மீட்டர கணக்குல வைங்க, நாலஞ்சு கார் நீளம். லாரிக்கு 80 கிலோமீட்டர்தான் வேகம், நீங்க 100ல போனாலும் பக்கத்துல கொஞ்ச நேரம் ஓடித்தான் தாண்டணும். தாண்டுன உடனே முன்னாடி வெட்டி வந்து பிரேக் போடாதீங்க, டிரைவர் விட்டு வச்சுருக்குற அந்த இடைவெளி உங்களுக்காக இல்ல, அது அவரோட பிரேக்கு.

22 மீட்டருக்கு மேல வண்டி பாத்தேனே?

ரெண்டு வகை இருக்கு. டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி பிரிக்க முடியாத சாமான்னா அப்நார்மல்னு போர்டு போட்டு, பர்மிட் எடுத்து, முன்ன பின்ன வண்டி ஓட விட்டு கொண்டு போவாங்க. இன்னொண்ணு ஸ்மார்ட் டிரக். ஆஸ்திரேலியாவுல இருந்து வந்த யோசன: நீளம் இவ்ளோ எடை இவ்ளோன்னு மட்டும் பாக்காம, வண்டி திரும்பறப்ப எவ்ளோ எடம் எடுக்குது, வால் எவ்ளோ வீசுது, எவ்ளோ சாஞ்சா கவுருது, ரோட்ட எவ்ளோ தேய்க்குதுன்னு சோதிச்சுப் பாத்து, பாஸானா கூடுதல் நீளமும் எடையும் குடுக்குறது. இங்க சி.எஸ்.ஐ.ஆர்.ங்குற அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் முன்ன நின்னு நடத்துனாங்க, 2007ல குவாசூலு நேட்டால்ல மரம் ஏத்துற ரெண்டு வண்டியோட ஆரம்பிச்சுது. குறிப்பிட்ட ரூட்ல மட்டும்தான் ஓடணும். எனக்குக் கேட்டா இதுதான் சரியான வழி, நம்பர வச்சுட்டு அதுக்கு வண்டி செய்றத விட வண்டி எப்பிடி நடந்துக்குதுன்னு பாத்து நம்பர் குடுக்குறது. ஆனா பேப்பர் வேல ஏகப்பட்டது, சின்ன முதலாளியால தாங்க முடியாது.

ஊர்ல ஹெவி ஓட்டுனவன், இங்க வந்து இத ஓட்டலாமா?

கோட் 14ன்னு பேச்சுல சொல்ற இசி லைசன்ஸ் வேணும், டெஸ்டே கோத்த வண்டிலதான் வைப்பாங்க. கோட் 10 வச்சு ரிஜிட் மட்டும்தான். அதுக்கு மேல தொழில்முறை டிரைவர் பர்மிட்டு, பி.ஆர்.டி.பி., சரக்குக்கு 18 வயசு, பெட்ரோல் மாதிரி ஆபத்தான சரக்குன்னா 25 வயசு ஆகணும். அதுக்கும் முன்னாடி வேல செய்யுற விசா, அதுல யாராச்சும் "நான் பாத்துக்குறேன் தம்பி, காசு மட்டும் குடு"ன்னு சொன்னா காசு குடுக்காதீங்க, எங்க யார்டு வாசல்லயே அப்பிடி ஏமாந்து வந்து நின்ன பசங்க இருக்காங்க.